சத்தம் தாங்காத பிள்ளைக்குக் காது மெஷினை விற்றார்கள், ஏமாந்துவிடாதீர்கள்

என் பெண்ணுக்கு 13 வயது. ஒன்றரை வருடமாக எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. அவள் அப்பா அப்பளத்தை நொறுக்கும் சத்தம், பாட்டி காபியை உறிஞ்சும் சத்தம், இது காதில் விழுந்தால் போதும், முகம் சிவந்து தட்டைத் தள்ளிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். தீபாவளி வெடிக்கெல்லாம் ஒன்றும் ஆகாது. திமிர் என்று நினைத்து இரண்டு தடவை அடித்திருக்கிறேன், இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

சரி, காதில்தான் ஏதோ கோளாறு என்று மெயின் ரோட்டில் இருக்கும் ஒரு செவித்திறன் மையத்துக்குக் கூட்டிப்போனோம். ஹெட்ஃபோனை மாட்டி, பீப் கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்லி, இருபது நிமிடத்தில் ரிப்போர்ட் கொடுத்துவிட்டார்கள். எந்தச் சத்தம் தொந்தரவு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கும் திறன் நார்மலாம், ஆனால் நரம்பு வீக்காம், அதனால் காதுக்குள் இரைச்சல் விடுகிற மெஷினும் பத்து சிட்டிங்கும் சேர்த்து 64,000 ரூபாய், 90 நாளில் குணம் கியாரண்டி, அதுவரை நாள் முழுக்க இயர்பிளக் போடணும் என்றார்கள். வளையலை அடகு வைத்துக் கட்டினேன்.

இரண்டு மாதத்தில் மிக்ஸி, குக்கர் விசில்கூடத் தாங்கவில்லை அவளுக்கு. முன்னால் இது இல்லவே இல்லை!

அப்புறம்தான் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். அங்கே இருந்த ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) அம்மா முதலில் கேட்டதே, "யார் சாப்பிட்டால் கோபம் வருது பாப்பா? நீயே அப்பளம் சாப்பிட்டா?" என்றுதான். "நான் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்றாள் இவள். பிறகு சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, எந்த அளவில் தாங்க முடியவில்லை என்று அளந்தார்கள். முதல் இடத்தில் செய்யாமல் விட்ட சோதனை இதுதான். மெல்லுகிற, உறிஞ்சுகிற மாதிரி குறிப்பிட்ட சத்தங்கள், மெதுவாகக் கேட்டாலும் கோபமும் அருவருப்பும் பொங்கினால் அது மிசோபோனியா, இவளுக்கு முதலில் இருந்தது இதுதான். எந்தச் சத்தமானாலும் சாதாரண அளவிலேயே தாங்க முடியாமல் போனால், வலித்தால், அது ஹைப்பராக்யூசிஸ். இரண்டுக்கும் சிகிச்சை ஒன்றல்ல. மிசோபோனியா என்ற பெயரே 2001இல்தான் வந்தது, ஸ்கேனிலோ ரத்தப் பரிசோதனையிலோ தெரியாது, பேசித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எண்ணத்தையும் நடத்தையையும் பேசிப் பழக்கி மாற்றுகிற அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை மிசோபோனியா உள்ள பலருக்கும் உதவுவதாக ஆம்ஸ்டர்டாமில் ஆய்வு செய்து 2020இல் வெளியிட்டிருக்கிறார்கள். நாள் முழுக்கக் காதை அடைத்து வைத்தால் கேட்கும் நரம்புப் பாதை இன்னும் கூர்மையாகிவிடுமாம், அதனால் பிளக்கைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னார்கள். குக்கர் விசில் தொந்தரவு இப்போது பாதி குறைந்திருக்கிறது.

அந்த மையத்தில் பணத்தைக் கேட்டால், காதுக்கு அளவெடுத்துச் செய்த மெஷினைத் திரும்ப எடுக்க முடியாது என்கிறார்கள். சோதித்தவருக்கு, ஆடியாலஜிஸ்ட்கள் பதிவு செய்ய வேண்டிய இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் உண்டா என்று கேட்டேன், பதிலே இல்லை. நீங்கள் இதை முன்பணம் கட்டும் முன்பே கேளுங்கள், நோயின் பெயரையும் எழுதி வாங்குங்கள்.

ரசீது கையில் இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில், நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்கணும். அடுத்த வாரம் கொடுக்கிறேன். இதே மாதிரி மெஷின் வாங்கிய பெற்றோர் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.