இத்தாலியப் பாதாம் பிஸ்கட்: நான்கில் எது வீட்டு ஓவனுக்கு ஒத்துவரும்?

பாதாம், சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு. இந்த மூன்றை வைத்து வடக்கே சரோன்னோவில் கடித்தால் நொறுங்கும் பிஸ்கட் செய்கிறார்கள். லிகூரியாவின் சஸ்ஸெல்லோவில் உள்ளே மெத்தென்று இருப்பதைச் செய்கிறார்கள். சியெனாவில் வெள்ளை வெளேரென்று, வாயில் வைத்ததும் கரைவதைச் செய்கிறார்கள். முதல் இரண்டுக்கும் பெயர் அமரெட்டி, மூன்றாவது ரிச்சரெல்லி. நான்காவதான கான்டூச்சியில் மட்டும் மைதா சேரும், பாதாம் முழுசாக நிற்கும்.

முதல் மூன்றையும் பிரித்துக் காட்டுவது பதம்தான். 100 கிராம் பாதாமுக்கு மொறுமொறு அமரெட்டியில் வெள்ளைக்கரு 35 கிராம், சர்க்கரை 110 கிராம். மெது அமரெட்டியில் 26 கிராமும் 80 கிராமும். ரிச்சரெல்லியில் 20 கிராமும் 85 கிராமும். இதில் ஐந்து கிராம் வெள்ளைக்கரு கூடினாலே ஒரு பிஸ்கட் இன்னொன்றாகிவிடும். 'இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு' என்று எழுதிய இத்தாலியச் செய்முறைகள் நம் கையைக் கடிப்பதும் இங்கேதான். அங்குள்ள பெரிய முட்டையில் 35 கிராமுக்குக் குறையாமல் வெள்ளைக்கரு கிடைக்கும். நம் கடை முட்டையில் 30 கிராம் வந்தால் அதிகம். அதனால் எண்ணிக்கையை நம்பாமல் தராசில் வைத்து எடுங்கள்.

பாதாமைத் தயார் செய்வது

அல்வாவுக்கு ஊறவைப்பதுபோல் இரவு முழுக்க ஊறவைக்கக் கூடாது. பருப்பு குடித்த தண்ணீர் முழுவதும் மாவில் இறங்கி, பிஸ்கட் தட்டில் தோசையாகப் பரவிவிடும். கொதிக்கும் தண்ணீரில் ஒன்றரை நிமிடம் போட்டு வடித்தால் போதும், தோல் பிதுங்கி வந்துவிடும். துணியில் துடைத்து, 100 டிகிரி ஓவனில் 15 நிமிடம் உலர்த்தி, நன்றாக ஆறவிடுங்கள். சூடு இருக்கும்போது மிக்ஸியில் போட்டால் எண்ணெய் கக்கி விழுதாகிவிடும். செய்முறையில் உள்ள சர்க்கரையில் பாதியைப் பருப்போடு சேர்த்து, இரண்டு இரண்டு நொடியாக விட்டு விட்டு ஓட்டுங்கள். ஈரத்தையும் எண்ணெயையும் சர்க்கரை இழுத்துக்கொள்ளும். விரல்களுக்கிடையே தேய்த்தால் மெல்லிய ரவைபோல் நறநறக்க வேண்டும். கையில் பளபளவென்று ஒட்டினால் அரைத்தது அதிகம். அந்த மாவு பிஸ்கட்டுக்கு உதவாது.

மொறுமொறு அமரெட்டி: வீட்டில் வேண்டாம் என்பேன்

'அமாரோ' என்றால் கசப்பு. அமரெட்டி, சின்னச் சின்னக் கசப்புகள். அந்தக் கசப்பு மணம் கசப்புப் பாதாமிலிருந்தோ, ஆப்ரிகாட் கொட்டைக்குள் இருக்கும் பருப்பிலிருந்தோ வருகிறது. சரோன்னோவின் புகழ்பெற்ற பிஸ்கட்டில் சேர்வது ஆப்ரிகாட் பருப்பு. அதிலுள்ள அமிக்டலின் என்ற பொருள் ஈரம் பட்டு உடையும்போது மணம் தரும் பென்சால்டிஹைடும், கூடவே நஞ்சான ஹைட்ரஜன் சயனைடும் வெளிவரும். பச்சை ஆப்ரிகாட் பருப்பில் சிறியதாக மூன்றுக்கு மேல் ஒரே வேளையில் தின்றால் பெரியவர்களுக்கே பாதுகாப்பு அளவு தாண்டிவிடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் எச்சரித்தது. குழந்தைகளுக்கு ஒன்றே அதிகம். உலர் ஆப்ரிகாட்டின் கொட்டையை உடைத்து அளவு தெரியாமல் அரைத்துப் போடும் வேலை வேண்டவே வேண்டாம். நல்ல பாதாம் எசன்ஸ் நான்கைந்து சொட்டு விட்டாலே அந்த மணம் வந்துவிடும்.

எசன்ஸ் விட்டாலும் மொறுமொறுப்பு எளிதில் கைகூடாது. 200 கிராம் பாதாம், 220 கிராம் சர்க்கரை, 70 கிராம் வெள்ளைக்கரு. வெள்ளைக்கருவை நுரை நிமிர்ந்து நிற்கும்வரை அடித்து, பாதாமும் சர்க்கரையும் கலந்து, மூன்று செ.மீ. வட்டங்களாகப் பிழிய வேண்டும். மேலே தொட்டால் ஒட்டாத அளவுக்கு இரண்டு மணி நேரம் உலரவிட்டு, 150 டிகிரியில் 30 நிமிடம் சுட்டு, ஓவனை அணைத்துக் கதவில் ஒரு மரக்கரண்டியைச் செருகி, இன்னும் அரை மணி உள்ளேயே வைக்க வேண்டும். இவ்வளவும் செய்து கடலோர ஊரில் மேசைமேல் வைத்தால், சாயங்காலத்துக்குள் நமத்துவிடும். சர்க்கரை அதிகம் என்பதால் காற்றிலுள்ள ஈரத்தை அது விடாமல் இழுக்கும். இந்த ஒன்றை மட்டும் கடையில் வாங்குவதே மேல். நமத்துப் போனதை நொறுக்கி வைத்தாலும் வீணாகாது. பியட்மான்டில் பீச் பழத்தைப் பாதியாக வெட்டி, அமரெட்டித் தூளை நிரப்பிச் சுடுவார்கள். மாண்டுவாவில் பூசணிக்காய்ப் பூரணத்தில் சேர்ப்பார்கள்.

மெது அமரெட்டி: உழைப்புக்கு மேல் பலன்

250 கிராம் பாதாம், 200 கிராம் சர்க்கரை, 65 கிராம் வெள்ளைக்கரு, ஒரு சிட்டிகை உப்பு, பாதி எலுமிச்சையின் துருவிய தோல், எசன்ஸ். வெள்ளைக்கருவை முழுக்க அடிக்க வேண்டியதில்லை, முட்கரண்டியால் கலக்கி லேசாக நுரைத்தால் போதும். சேர்த்துப் பிசைந்தால் கையில் பிசுபிசுவென்று ஒட்டும் மாவு வரும். ஒட்டுகிறதே என்று இன்னும் பாதாம் கொட்டாதீர்கள். கையை நனைத்துக்கொண்டு 20 கிராம் உருண்டைகளாகப் பிடித்தால் இருபத்தைந்து தேறும். ஐசிங் சுகரில் நன்றாகப் புரட்டி, தலையில் கட்டைவிரலால் லேசாக அழுத்தி, 165 டிகிரியில் 16 முதல் 18 நிமிடம். அடிப்பக்கம் பொன்னிறம், மேலே வெடிப்பு, தொட்டால் இன்னும் மெத்தென்று இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஓவனுக்குள்ளேயே கெட்டிப்படட்டும் என்று காத்திருந்தால், ஆறிய பிறகு கல்லாகிவிடும். காற்றுப் புகாத டப்பாவில் ஒரு வாரம் மெத்தென்றே இருக்கும்.

ரிச்சரெல்லி: நான்கில் இதுவே சிறந்தது

பொறுமை மட்டும் கேட்கும். 200 கிராம் பாதாம், 110 கிராம் சர்க்கரை, 60 கிராம் ஐசிங் சுகர், 40 கிராம் வெள்ளைக்கரு, ஆரஞ்சுத் தோல் துருவல், வெனிலா, கால் தேக்கரண்டி பேக்கிங் பவுடர். பிசைந்தால் சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாக, கொஞ்சம் உதிர்வதுபோல்கூடத் தெரியும். அவசரப்பட்டு வெள்ளைக்கரு சேர்க்காமல், மூடி ஃப்ரிஜ்ஜில் ஓர் இரவு வையுங்கள். அந்த நேரத்தில் சர்க்கரை கரைந்து பாதாமுக்குள் இறங்கும். மறுநாள் காலையில் அதே மாவு களிமண் மாதிரி வளைந்து கொடுக்கும். ஓய்வைத் தவிர்த்த மாவு, அடுப்பில் ஓரமெல்லாம் வழிந்து வடிவம் கெடும்.

ஐசிங் சுகர் தூவிய பலகையில் உருட்டி, ஒரு செ.மீ. தடிமனில் சாய்சதுரமாக வெட்டி, முனைகளை விரலால் மழுக்குங்கள். 2010இல் புவிசார் குறியீடு பெற்ற சியெனாவின் ரிச்சரெல்லிக்கு அடையாளமே இந்த வடிவமும் மேலே படிந்த வெண்மையும்தான். மேலே மாவு கண்ணுக்கே தெரியாத அளவுக்கு ஐசிங் சுகரைச் சலித்து, 150 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம் சுடுங்கள். பத்தாவது நிமிடத்தில் கண்ணாடி வழியே பார்த்தால், வெள்ளைப் பரப்பில் வறண்ட குளத்துத் தரைபோல் மெல்லிய கோடுகள் ஓடத் தொடங்கும். அந்தக் கோடுகள் அகன்று, உள்ளே ஈரமான பாதாம் தெரியும்போது எடுக்க வேண்டும். எங்காவது பழுப்பேறினால் சூடு அதிகம். சின்ன ஓவன்களில் காட்டும் அளவுக்கும் உள்ளே இருக்கும் சூட்டுக்கும் 20 டிகிரி வித்தியாசம் சாதாரணம். ஓவன் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் இங்கேதான் தப்பிப்பார்கள். சுட்ட அன்றைவிட மறுநாள் ருசி கூடும்.

கான்டூச்சி: தவறே போகாது, ஆனால் பாதாம் ருசி குறைவு

டஸ்கனியின் பிராட்டோவில் அன்டோனியோ மாட்டெய் தன் பிஸ்கட் கடையைத் திறந்த ஆண்டு 1858. அந்த ஊர்க்காரர்கள் இதை 'பிஸ்கோட்டி' என்றே சொல்வார்கள், இருமுறை சுட்டது என்று பொருள். அங்குள்ள முறையில் வெண்ணெயும் இல்லை, எண்ணெயும் இல்லை. அதனால்தான் அவ்வளவு கடினம். வின் சாண்டோ என்ற இனிப்பு ஒயினில் தோய்த்துத் தின்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். காபியில் தோய்த்தாலும் குறையில்லை. கடினமாக இருக்கிறதே என்று வெண்ணெய் சேர்த்தால், தோய்த்ததும் உடைந்து கோப்பையின் அடியில் கிடக்கும்.

பாதாமை இதில் தோலோடு, முழுதாகப் போட வேண்டும். தோல் உரிக்கும் வேலையும் இல்லை, அரைக்கும் பயமும் இல்லை. தடுக்கி விழும் இடம் ஒன்றே ஒன்று, வெட்டும் நேரம். நாலு செ.மீ. அகல உருளைகளை 180 டிகிரியில் 22 நிமிடம் சுட்டு எடுத்ததும் கத்தி வைத்தால் உதிரும். முழுக்க ஆறிய பிறகு வைத்தால் பாதாம் தெறித்துத் துண்டு பிளக்கும். பத்து நிமிடம், கை பொறுக்கும் சூடு, பல் வைத்த பிரெட் கத்தி. பாதாம் தட்டுப்படும் இடத்தில் அழுத்தாமல் ரம்பம்போல் இழுத்து, ஒன்றரை செ.மீ. சாய்துண்டுகளாக்கி, 160 டிகிரியில் பக்கத்துக்கு எட்டு நிமிடம். ஒரு மாதம் தாங்கும்.

மெது அமரெட்டிக்கு வெள்ளைக்கரு எடுத்த பிறகு மூன்று மஞ்சள்கரு மிஞ்சும். அதில் இரண்டோடு இரண்டு முழு முட்டை, 250 கிராம் மைதா, 170 கிராம் சர்க்கரை, 150 கிராம் பாதாம், அரை தேக்கரண்டி பேக்கிங் பவுடர் சேர்த்தால் கான்டூச்சி மாவு தயார். அமரெட்டியை முதலில் சுட்டு எடுத்துவிட்டு, ஓவனை 180க்கு ஏற்றினால் சூடு வீணாகாது.