வீட்டுப் பூஞ்சைச் சோதனை கிட்: வாங்கலாமா?

இணையக் கடைகளில் ‘வீட்டுக் காற்றில் பூஞ்சை இருக்கிறதா, நீங்களே கண்டுபிடியுங்கள்’ என்று விற்கும் கிட்டுக்கு ஐந்துக்கு ஒன்றரை மதிப்பெண் தரலாம். பிள்ளைகளுக்கு நுண்ணுயிர் வளர்வதைக் காட்ட வாங்கினால் இன்னும் அரை மதிப்பெண் சேர்த்துக்கொள்ளுங்கள். சுவரில் ஓதம், வீட்டில் ஆஸ்துமாக்காரர், ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை நுரையீரலில் புகுந்துவிடுமோ என்ற கவலை. இப்படி வாங்குகிறவர்தான் அதிகம். அவருடைய கேள்விக்கு இந்தக் கிட் பதில் சொல்லாது.

பிராண்டு மாறினால் அட்டைப்பெட்டியின் நிறம் மாறும், உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: 90 மி.மீ. அகலமுள்ள பிளாஸ்டிக் பெட்ரி தட்டுகள், பூஞ்சைக்குத் தீனியாக அகர் என்ற கூழ், ஒட்டும் டேப், பஞ்சுக்குச்சி, ஒரு நிற அட்டை. அகர் ஏற்கெனவே ஊற்றப்பட்டு வந்தால் வேலை குறைவு. வெயில் காலத்தில் கூரியர் வண்டியில் கிடந்த தட்டுகளில் அகர் சுருங்கி ஓரம் விட்டிருக்கும், அவற்றைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். பாட்டிலில் வந்தால் வெந்நீரில் வைத்து முழுக்க உருக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு (45 முதல் 50 டிகிரி) ஆறிய பின் ஊற்ற வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் மூடியில் நீர் கோத்துச் சொட்டும். சொட்டிய இடத்தில் பூஞ்சைத் திட்டுகள் ஒன்றோடொன்று கலந்து எண்ண முடியாமல் போகும்.

சோதனையை ஒழுங்காகச் செய்யக் குறைந்தது மூன்று தட்டு வேண்டும். ஒன்று சந்தேகப்படும் அறையில், ஒன்று அதே நேரத்தில் பால்கனியிலோ மாடியிலோ, ஒன்று திறக்கவே திறக்காமல். திறக்காத தட்டில் ஏதாவது முளைத்தால் அந்தக் கிட் முழுவதும் குப்பைக்கு. பல கிட்டுகளின் குறிப்புத்தாளில் வெளித்தட்டைப் பற்றிப் பேச்சே இல்லை, இதுதான் அவற்றின் பெரிய குறை. வெளிக்காற்றில் எப்போதும் பூஞ்சை வித்துகள் உண்டு. உள்ளே பத்துத் திட்டு, வெளியே முப்பது என்றால் அவை வெளியிலிருந்து வந்தவையாக இருக்கலாம். உள்ளே முப்பது, வெளியே ஐந்து என்றால் வீட்டுக்குள்ளேயே பூஞ்சை வளரலாம். மின்விசிறியை நிறுத்தி, கூட்டிப் பெருக்கி ஓரிரு மணி நேரம் போன பின், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் தட்டை ஒரு மணி நேரம் திறந்து வைக்கவும். பிறகு மூடி, டேப் ஒட்டி, தலைகீழாகக் கவிழ்த்து, வெயில் படாத அலமாரியில் வைக்கவும். நம் ஊர் வெப்பத்தில் இரண்டு மூன்று நாளில் வளர்ச்சி தெரியும், ஏசி அறையில் ஒரு வாரம் கூட ஆகலாம்.

இவ்வளவு கவனமாகச் செய்தாலும் தட்டு ஏமாற்றும். ஆஸ்பர்ஜில்லஸில் நுரையீரல் நோய்க்கு முக்கியக் காரணமான ஃபியூமிகேட்டஸ் இனத்தின் வித்து 2 முதல் 3 மைக்ரான் அளவுதான். அசையாத காற்றில் அது மணிக்கு ஒரு மீட்டருக்கும் குறைவாகவே கீழிறங்கும். அப்படியானால் ஒரு மணி நேரத்தில் 90 மி.மீ. தட்டின் மேல் இறங்குவது நான்கு முதல் ஆறு லிட்டர் காற்றில் உள்ள வித்துகள் மட்டுமே. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒரு நிமிடத்தில் இழுக்கும் காற்றே ஏறக்குறைய அவ்வளவு. இருபது மைக்ரானுக்கு மேல் பெரிதான ஆல்டர்னேரியா என்ற வேறொரு பூஞ்சையின் வித்துகளோ தொப்பென்று விழுந்து கணக்கில் முன்னால் நிற்கும். நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடிய சிறு வித்துகளைத்தான் தட்டு குறைத்துக் காட்டுகிறது. உறுப்பு மாற்றுச் சிகிச்சைப் பிரிவுகளில் காற்றைச் சோதிப்பவர்கள் தட்டை நம்பாமல், பம்ப் வைத்து நிமிடத்துக்கு 28.3 லிட்டர் இழுக்கும் கருவியைப் பயன்படுத்துவது இதனால்தான்.

நிற அட்டையைப் பார்த்து முடிவு செய்வது இன்னும் மோசம். நீலப்பச்சை என்றால் ஃபியூமிகேட்டஸாக இருக்கலாம், பெனிசிலியம் என்ற வேறு பூஞ்சையாகவும் இருக்கலாம். ஆய்வுக்கூடத்தில் தட்டை 45 டிகிரிக்கு மேல் வைத்துப் பார்ப்பார்கள்: ஃபியூமிகேட்டஸ் அந்தச் சூட்டிலும் வளரும், வீட்டுப் பூஞ்சைகளில் பெரும்பாலானவை வளராது. கறுப்பாக எது முளைத்தாலும் ‘நச்சுக் கறுப்புப் பூஞ்சை’ என்று பயமுறுத்தும் அட்டைகள் உண்டு. சாதாரணத் தட்டில் வரும் கறுப்பு பெரும்பாலும் ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் அல்லது கிளாடோஸ்போரியம். ‘நச்சுக் கறுப்பு’ என்று அவர்கள் மிரட்டும் ஸ்டாக்கிபோட்ரிஸ் பூஞ்சை இந்த அகரில் அவ்வளவு எளிதில் தலைகாட்டாது. கூடுதல் பணம் கட்டி ஆய்வறிக்கை வாங்கினாலும், இத்தனைக்கு மேல் போனால் ஆபத்து என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு எதுவும் கிடையாது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமே வீடுகளுக்கு வழக்கமான பூஞ்சைச் சோதனையைப் பரிந்துரைப்பதில்லை. பஞ்சுக்குச்சியால் சுவரைத் துடைத்துச் சோதிப்பது சுத்த வீண். சுவரில் இருப்பது பூஞ்சை என்று கண்ணுக்கே தெரிகிறதே!

ஃபியூமிகேட்டஸைச் சாதாரணமாக எண்ணவும் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பூஞ்சைப் பட்டியலில் அது மிக அவசரப் பிரிவில் இருக்கிறது. ஆனால் எல்லோரும் தினமும் அதைச் சுவாசிக்கிறோம், நோய் சிலருக்கே வருகிறது. யாருடைய நுரையீரல் என்பதைப் பொறுத்த விஷயம் அது. ஆகவே சோதிக்க வேண்டியது பெரும்பாலும் காற்றை அல்ல, ஆளை. மருந்துக்கு அடங்காத ஆஸ்துமா, பழுப்புக் கட்டியாகச் சளி என்றால் ரத்தத்தில் மொத்த ஐஜிஇ (ஒவ்வாமையைக் காட்டும் எதிர்ப்புப் புரதம்), ஃபியூமிகேட்டஸுக்கான தனி ஐஜிஇ இரண்டையும் பார்க்கச் சொல்லி நுரையீரல் மருத்துவரிடம் கேளுங்கள். மொத்தம் 500 (IU/mL), தனி 0.35 (kUA/L) என்பவை ஒவ்வாமை வகை ஆஸ்பர்ஜில்லோசிஸுக்கு (ஆஸ்பர்ஜில்லஸால் வரும் நோய்க்கு) இப்போது பார்க்கும் எல்லைகள். காசநோய் குணமான பின் மறுபடி இருமல், எடை குறைவு, சளியில் ரத்தம், ஆனால் சளிச் சோதனையில் காசநோய்க் கிருமி இல்லை என்றால், திரும்பவும் காசநோய் மருந்து தொடங்குமுன் ஆஸ்பர்ஜில்லஸ் ஐஜிஜி என்ற ரத்தச் சோதனையும் சிடி ஸ்கேனும் அவசியம். பழைய காசநோய்க் குழியில் பூஞ்சை உருண்டையாகத் திரண்டு உட்கார்ந்திருக்கலாம். கீமோதெரபியிலோ உறுப்பு மாற்றுக்குப் பிறகோ காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவமனை. ஆன்டிபயாடிக்குக்கு அது இறங்காவிட்டால் அங்கே கேலக்டோமன்னன் சோதனை (பூஞ்சையின் பொருளை ரத்தத்தில் தேடுவது), சிடி, தேவைப்பட்டால் வோரிகோனசோல் என்ற பூஞ்சை மருந்து. நோயாளியிடமிருந்து வீட்டாருக்கு இது தொற்றாது.

கிட்டுக்கான பணம் கையில் இருந்தால் ஒரு ஈரப்பதமானி, சில என்95 முகக்கவசம், மீதியை பிளம்பருக்கு. அறையின் ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குக் கீழே வைக்கச் சொல்வார்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஏசி இல்லாமல் அது நடக்காது. ஒழுகும் குழாயை நிறுத்துவதும், பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பதும், நனைந்ததை 48 மணி நேரத்துக்குள் காயவைப்பதும் நடக்கும். ஓதத்தின் மேல் பெயின்ட் அடித்தால் அடுத்த மழைக்குப் பெயின்டோடு உரிந்து வரும். டைல்ஸ் போன்ற கெட்டிப் பரப்பைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்தாலே போதும். ப்ளீச் போட்டால் கழிவறை ஆசிட்டோடு சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். நுரையீரல் நோயாளியோ கீமோவில் இருப்பவரோ அந்த நேரத்தில் வீட்டிலேயே இருக்க வேண்டாம். மாடித்தோட்டக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: மக்கிய எருவில் ஃபியூமிகேட்டஸ் எக்கச்சக்கம். ஓதச் சுவரைப் பார்த்துப் பயப்படுகிறவர் காய்ந்த எருவை முகக்கவசமில்லாமல் கொட்டிக் கிளறுவதில் அர்த்தமில்லை. தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு கிளறுங்கள்.

கிட்டை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், முளைத்த தட்டை எக்காரணம் கொண்டும் திறந்து முகர்ந்து பார்க்க வேண்டாம். தட்டை டேப்போடு ஜிப் பையில் போட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பையை மூடவும். பைக்கு வெளியிலிருந்தே டேப்பை நெகிழ்த்தி, அகர் முழுக்க மூழ்கும்படி ஓர் இரவு விட்டு, மறுநாள் பையோடு குப்பையில் போடலாம்.