சாப்பாட்டில் குறையில்லை, சேவைக் கட்டணத்தை ஏற்க முடியவில்லை

சென்னையில் குடும்பத்தோடு உணவருந்திய ஒரு செட்டிநாட்டு உணவகத்தைப் பற்றிய மதிப்பீடு இது. பல உணவகங்களிலும் காணப்படும் குறை என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

மட்டன் சுக்காவில் மிளகின் காரம் அளவாக இருந்தது. ஆப்பம் ஓரம் முறுகி, நடுவில் பஞ்சுபோல் வந்தது. அவற்றைவிட மனத்தில் நின்றது பரிமாறிய தம்பியின் பொறுப்பு. குழந்தைக்குக் காரமில்லாதது எது என்று அவரே சொல்லி, தண்ணீர் கேட்கும் முன்பே நிரப்பி, கூட்ட நேரத்திலும் முகம் கோணாமல் கவனித்தார்.

பில்லில்தான் சிக்கல். 1,200 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு 10 சதவீதச் சேவைக் கட்டணமாக 120 ரூபாய் சேர்த்து, அந்த மொத்தத்தின் மீது 5 சதவீத ஜி.எஸ்.டி. போட்டு 1,386 ரூபாய் ஆக்கியிருந்தார்கள். சேவைக் கட்டணம் இல்லையென்றால் 1,260 ரூபாய்தான். பரிமாறியவருக்கு இதில் எவ்வளவு போகும் என்று கேட்டதற்கு, எல்லாம் மாதச் சம்பளத்திலேயே சேர்ந்துவிடும் என்றார் மேலாளர். அந்தப் பதில்தான் என்னை வருத்தியது. சம்பளம் முதலாளி தரவேண்டிய கடமை. அதற்கான செலவை உணவின் விலையிலேயே சேர்த்துக்கொள்ள அவருக்கு முழு உரிமை உண்டு. அப்படிச் செய்தால் உள்ளே வரும்போதே விலை தெரிந்துவிடும்.

பில்லில் தானாகச் சேவைக் கட்டணம் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல்கள் வெளியிட்டது. உணவக உரிமையாளர் சங்கங்கள் வழக்குத் தொடுத்தும், தில்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2025 மார்ச் 28 அன்று அவை செல்லும் என்றே தீர்ப்பளித்தார். அடுப்படியில் வேகும் மாஸ்டருக்கும் பாத்திரம் கழுவுபவருக்கும் டிப்ஸ் எட்டுவதில்லை, சேவைக் கட்டணம்தான் எல்லோருக்கும் பங்கிடப்படுகிறது என்பது உரிமையாளர்கள் சொல்லும் நியாயம். அக்கறை உண்மையானதே, ஆனால் அதற்குத் தீர்வு அவர்கள் கூலியை உயர்த்துவதுதான்.

பில்லோடு வந்த சோம்புத் தட்டில் மீதிச் சில்லறையை விட்டுவரும் வழக்கமும் கியூ.ஆர். அட்டை வந்தபின் தேய்ந்துவிட்டது. அதில் செலுத்தும் பணம் நேரே கடையின் கணக்குக்குப் போகிறது. அதனால் டிப்ஸைத் தனியாக, ரொக்கமாக, பரிமாறியவர் கையிலேயே கொடுங்கள். நானும் அப்படித்தான் கொடுத்தேன்.

சேவைக் கட்டணத்தை நீக்கக் கேட்டபோது மேலாளர் மறுக்கவில்லை. மறுக்கும் இடங்களில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். ஆயினும், கேட்டவருக்கு நீக்கிக் கேளாதவரிடம் வாங்குவது நேர்மையாகாது. உணவுக்கும் பரிமாறியவருக்கும் ஐந்து நட்சத்திரம் தருவேன். பில்லையும் சேர்த்தால் இந்த உணவகத்துக்கு மூன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை.