கஜாவில் நனைந்த தையல் மோட்டார், ஏழாவது வருஷமாக ஓடுகிறது

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது எங்கள் வீட்டு ஓடு பாதி பறந்துவிட்டது. தார்ப்பாய் போட்டு மூடியும் தையல் மிஷின் மோட்டாருக்குள் மழை இறங்கிவிட்டது. கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. வந்ததும் பெடலை மிதித்தேன். மோட்டார் முனகியது, பக்கவாட்டில் நீலப் பொறி பறந்தது, தீய்ந்த வாடை. கடையில் கொடுத்தால், திறந்துகூடப் பார்க்காமல் "காயில் போயிருக்கும்க்கா, புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். கூரைக்கே காசில்லாத நேரம் அது. நானே கழற்றினேன்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இரண்டு பக்கமும் இருக்கும் வட்ட மூடியைத் திருகினால் ஸ்பிரிங்கோடு கார்பன் பிரஷ், அதாவது சுழலும் பாகத்துக்குக் கரண்டைக் கடத்தும் சின்னக் கரித்துண்டு, வெளியே வரும். கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே திருக வேண்டும், இல்லையென்றால் ஸ்பிரிங் தெறித்து ஓடிவிடும். ஒரு பிரஷ் அரை சென்டிமீட்டர்தான் மிச்சம். இன்னொன்று பித்தளைக் கூட்டுக்குள் களிம்பேறி அசையாமல் நின்றது. பொறிக்குக் காரணம் அதுதான்: ஸ்பிரிங் தள்ளினாலும் பிரஷ், அது உரச வேண்டிய செப்பு வளையமான கம்யூட்டேட்டரைச் சரியாகத் தொடவில்லை.

மோட்டாரின் சுழலும் நடுப்பாகமான ஆர்மேச்சரை உருவிப் பார்த்தேன். கம்யூட்டேட்டரின் செப்புப் பட்டைகள் அடுப்புக்கரி மாதிரி கறுத்து, பட்டைக்குப் பட்டை நடுவில் இருக்கும் மெல்லிய பள்ளம் முழுக்கக் கார்பன் தூள் அடைத்திருந்தது. தென்னை ஈர்க்கைச் சீவி ஒவ்வொரு பள்ளமாகக் கிளறி எடுத்தேன். அப்புறம் 600 நம்பர் உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்து ஆர்மேச்சரை மெதுவாகத் திருப்ப, செம்பு பளிச்சென்று தெரிந்தது. இரும்பு தேய்க்கும் எமரித் தாள் வேண்டாம். அதன் தூள் கரண்டைக் கடத்தும், பள்ளத்தில் சிக்கினால் ஷார்ட் ஆகும். மூன்று நாள் திண்ணை வெயில். மல்ட்டிமீட்டரில் பார்த்தேன், காயில் கம்பி அறுபடவில்லை, கரண்ட் மோட்டார் பாடிக்கும் கசியவில்லை. அச்சைத் தாங்கும் இரண்டு புஷ்ஷிலும் ஆளுக்கு ஒரு சொட்டு மிஷின் எண்ணெய், புது பிரஷ் ஒரு ஜோடி. பெல்ட் மாட்டாமல் பெடலை லேசாக மிதித்துப் பத்து நிமிஷம் ஓட்டினேன். பிரஷ் முனை கம்யூட்டேட்டரின் வளைவுக்குத் தேய்ந்து படிந்ததும் பொறி அடங்கிவிட்டது.

2019 பொங்கல் தையல் முழுக்க அந்த மோட்டாரில்தான்.

இத்தனை வருஷத்தில் இரண்டு முறை மக்கர் செய்தது. 2020இல் சத்தம் வருகிறதே என்று எண்ணெயைத் தாராளமாக விட்டேன். அது வழிந்து கார்பன் தூளோடு சேர்ந்து மையாகிவிட்டது, திரும்ப ஈர்க்கும் உப்புத்தாளும். 2022இல் வாங்கிய பிரஷ் துளியளவு தடிமன் கூட. கூட்டுக்குள் இறுகிக்கொண்டு பழைய பொறி வந்தது. பிரஷ்ஷின் பக்கங்களை உப்புத்தாளில் தேய்த்து, தானாக வழுக்கி இறங்கும் அளவுக்குக் கொண்டுவந்தபின் சரியானது. வாங்கும்போது பழைய பிரஷ்ஷைக் கையோடு கொண்டுபோய் அளந்து வாங்குங்கள்.

குறையும் இருக்கிறது. மெதுவாகத் தைக்கும்போது முன்பிருந்த இழுவை இல்லை, ஜீன்ஸ் மடிப்பில் திணறுகிறது. இரண்டு மணி நேரம் விடாமல் தைத்தால் கை வைக்க முடியாத சூடு, கொஞ்சம் ஆறவிடுகிறேன். காயில் கறுத்திருந்தாலோ தொட்டால் ஷாக் அடித்தாலோ வீட்டில் கை வைக்காதீர்கள், காயில் சுற்றித் தரும் வைண்டிங் கடைக்குத்தான் போக வேண்டும்.

எங்கள் ஊரில் உப்புக்காற்று வேறு. ஐப்பசி மழைக்கு முன்னால் மூடியைத் திருகி பிரஷ்ஷை ஒரு தடவை பார்த்துவிடுவேன். போன வாரம் பார்த்தபோது ஒரு சென்டிமீட்டர் இருந்தது. அடுத்த ஜோடி பட்டன் டப்பாவில் இருக்கிறது.