நாய்ப் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

சுங்கை சிப்புட் பக்கம் நாய் வளர்ப்பவர்களே, 'ஒரே மாதத்தில் எங்கே கூப்பிட்டாலும் ஓடி வரும், உத்தரவாதம்' என்று வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பும் ஆளிடம் அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள். எங்களிடம் 1,800 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு எங்கள் நாய் டைகரை அவர் இடத்திலேயே வைத்துக்கொண்டார். நடுவில் வந்து பார்க்கலாமா என்று கேட்டால், "நீங்க வந்தா அதுக்குக் கவனம் சிதறும்ண்ணே" என்றார். கவனம் சிதறும் இடத்திலும் சொல் பேச்சு கேட்கத்தானே ஐயா காசே கொடுத்தோம்!

ஒப்படைத்த அன்று, நான்கு பக்கமும் சுவர் வைத்த சிமெண்டுத் தரையில் உட்கார், இரு, வா எல்லாம் அட்டகாசமாகச் செய்தது. வீட்டுக்கு வந்த பிறகு, செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டர் ஒன்று தோட்டத்துச் சாலையில் போக, கத்திக் கத்திக் கூப்பிட்டும் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதன் பின்னாலேயே ஓடியது. குரங்கைப் பார்த்துவிட்டால் கேட்கவே வேண்டாம். போன் போட்டால், "என்கிட்ட நல்லாத்தானே கேட்டுச்சு, உங்க குரல்தான் சரியில்ல" என்கிறார். குளிப்பாட்டும்போதுதான் தெரிந்தது, தாடைக்குக் கீழே முடி தேய்ந்து, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிவந்த புண். ரிமோட்டை அமுக்கினால் ஷாக் அடிக்கும் கழுத்துப் பட்டையை மாட்டியிருக்கிறார், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்புறம் அந்த வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தால், ஆளின் ஒரு கை கடைசிவரை கால்சட்டைப் பையை விட்டு வெளியே வரவே இல்லை.

ஓர் இடத்தில் படித்ததை இன்னோர் இடத்திலும் செய்ய வேண்டும் என்று நாய்க்குத் தானாகத் தெரியாது. வீட்டுக்குள், வாசலில், சாலையோரம், பிறகு இரவுச் சந்தைப் பக்கம் என்று இடத்தை மாற்றி மாற்றி, ஒவ்வொரு புது இடத்திலும் லேசானதிலிருந்து தொடங்கிப் பழக்க வேண்டும். தூரம், நேரம், இடைஞ்சல் மூன்றையும் ஒரே சமயத்தில் கூட்டக் கூடாது. நீளக் கயிறு கட்டி, குரங்கு எட்ட இருக்கும்போதே கூப்பிட்டு, வந்தால் கோழித் துண்டு கொடுக்கிறோம். இப்போது பயிற்சி கொடுக்க வரும் அக்கா முதலில் எங்களுக்குத்தான் பாடம் எடுக்கிறார், அதுவும் எங்கள் தெருவிலேயே. உங்கள் வீட்டு வாசலில் செய்து காட்டாத எவருக்கும் முழுத் தொகையைக் கொடுக்காதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். சரி என்று பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் பதிந்துவிட்டேன், வக்கீல் தேவையில்லை. இதே ஆளிடம் ஏமாந்தவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழித்துவிடாமல் எனக்குத் தனியாக எழுதுங்கள்.