அஞ்சு வருஷமா ஐடிஆர் (இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன்) நானே ஃப்ரீயா போடுறேன், ஆனா இந்த இனிஷியல் இருக்கே

நேத்து ஆபீஸ்ல ஒரு தம்பி கேட்டான், "அண்ணே, ஆடிட்டர் ஆயிரத்தைநூறு கேக்குறாரு, ஃப்ரீயா போட வழி எதாச்சும் இருக்கா"ன்னு. இன்கம்டாக்ஸ் சைட்லயே ஃப்ரீ தான்டான்னு சொன்னா நம்பவே மாட்டேங்குறான். சரி, அவனுக்குச் சொன்னத இங்கயும் எழுதிடுறேன்.

2021 ஜூன்ல புது போர்ட்டல் வந்துச்சுல்ல, அந்த வருஷத்துல இருந்தே நான் தான் போடுறேன். சம்பளம், ஒரு வீடு, பேங்க் வட்டி, மொத்தம் 50 லட்சத்துக்குள்ள, இவ்ளோதான்னா ஐடிஆர்-1ங்குற ஃபார்மே போதும். உள்ள போனா சம்பளம், டிடிஎஸ் (முன்னாடியே புடிச்ச வரி) எல்லாம் ஏற்கனவே நிரப்பி வெச்சிருக்கும், கம்பெனி குடுக்குற ஃபார்ம் 16 பேப்பர பக்கத்துல வெச்சுக்கிட்டு சரியா இருக்கான்னு பாக்குறது தான் நம்ம வேலை. ஏஐஎஸ்ஸையும் (நம்ம வருமானம் பத்தி டிபார்ட்மெண்ட் வெச்சிருக்குற லிஸ்ட்) ஒரு தடவ பாத்துடுங்க, நாம மறந்தே போன எஃப்டி வட்டி அதுல பல்ல இளிச்சுட்டு நிக்கும். மொத தடவ எனக்கு அரை நாள் ஆச்சு, இப்பல்லாம் காபி ஆறுறதுக்குள்ள முடிச்சுடுறேன். நிஜமாவே நல்லா பண்ணிருக்காங்க, கொற சொல்ல மனசு வரல.

ஒரே ஒரு எடத்துல நிதானம் வேணும். புது ரெஜிம்ல, அதாவது புது வரி முறைல இருந்து வெளிய வர்றீங்களான்னு கேக்கும், அதுக்கு நோன்னா புதுசுலயே இருக்கோம்னு அர்த்தம். 80சி (பிஎஃப், எல்ஐசி மாதிரி சேமிப்பு), வீட்டு வாடகைன்னு கழிக்கிறவங்க எஸ் குடுக்கணும், அதுவும் கடைசி தேதிக்குள்ள போட்டா தான் பழசு கெடைக்கும். அப்புறம் 30 நாளுக்குள்ள ஆதார் ஓடிபி போட்டு வெரிஃபை பண்ணிடுங்க, பண்ணலன்னா போட்டும் போடாத மாதிரி தான். நடுவுல ஒரு வருஷம் ஃப்ரீன்னு விளம்பரம் பாத்து ஒரு ஆப்ல போட்டேன், எல்லாத்தையும் ஏத்தி முடிச்சு கடைசி பட்டன்ல 499 கேட்டான், மூடிட்டு வந்துட்டேன்.

சரி, இப்ப விஷயத்துக்கு வர்றேன். பான் கார்டுல இனிஷியல் ஏத்துக்க மாட்டாங்க, சர்நேம் வேணும், நமக்கு ஏது சர்நேம், அதனால அப்பா பேரு முழுசா பின்னாடி போயி உக்காந்துடுச்சு. மூணு வருஷம் முன்னாடி கம்பெனி மாறினப்ப புது சம்பள அக்கவுண்ட், அந்த பேங்க்ல ஆதார்ல இருக்குற மாதிரி ஒத்த எழுத்து இனிஷியல் போட்டுட்டாங்க. ரீஃபண்ட் (கூடுதலா புடிச்ச வரி) வரணும்னா போர்ட்டல்ல அக்கவுண்ட் வேலிடேட் ஆகணும், பான்ல உள்ள பேரோட ஒத்துப்போகணும். ஆகல. பிராஞ்சுக்கு நாலு தடவ நடந்தேன், கவுண்டர்ல இருந்தவரு என்னைய ஏற எறங்கப் பாத்துட்டு "கெசட்ல பேர மாத்திட்டு வாங்க சார்"ங்குறாரு. யோவ், என் பேரு மாறவே இல்லயா, எங்கப்பா பேர சுருக்கி எழுதுனது நீங்க, நான் ஏன்யா கெசட்டுக்குப் போகணும்? ஊர்ல பாதிப் பேருக்கு இனிஷியல் தான், அந்த பிராஞ்சுல மட்டும் நான் தான் மொத ஆளு மாதிரி.

கடைசில பழைய கம்பெனி அக்கவுண்ட்ட குடுத்து ரீஃபண்ட மறுபடி அனுப்பச் சொல்லி ரீஇஷ்யூ போட்டேன், அதுல பான்ல உள்ள மாதிரியே பேரு இருந்ததால வந்துடுச்சு. இப்ப வருஷத்துக்கு ஒரே ஒரு ரீஃபண்டுக்காக அந்த அக்கவுண்ட்ட உசுரோட வெச்சிருக்கேன், சம்பளம் வராததால சாதா அக்கவுண்ட்டா மாத்திட்டாங்க, மினிமம் பேலன்ஸ் கொறஞ்சா அதுக்கு வேற புடிக்கிறாங்க. போன வருஷம் கூட்டிப் பாத்தா ஜிஎஸ்டியோட சேத்து எழுநூறு ரூவா கிட்ட போயிருக்கு. ஃப்ரீயாம்!

ஃபைலிங்க்கு பத்துக்கு ஒம்பது தாராளமா குடுக்கலாம், தம்பி, நீ கண்டிப்பா நீயே போடு. எனக்கு தான் அலுத்துடுச்சு, அவன்கிட்டயே அந்த ஆடிட்டர் நம்பர வாங்கி வெச்சிருக்கேன். அவருகிட்ட போனாலும் இனிஷியல் மாறப்போறதில்லன்னு தெரியும், ஆனா அந்த கவுண்டர்ல போயி நிக்கிறது நானா இருக்க மாட்டேன்ல.