பெங்களூரில் தமிழில் நடக்கும் ஒரு குடிமீட்புக் கூட்டம்: ஒன்பது மாத அனுபவம்

என் அண்ணன் ஒன்பது மாதங்களாகச் சென்றுவரும் ஒரு குடிமீட்புக் குழுவைப் பற்றி, அதே தேவையோடு பெங்களூரில் அலைந்துகொண்டிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் குடிமீட்பு இயக்கத்தின் வழிமுறையைப் பின்பற்றும் குழு இது. பெயரை வெளியிடாதிருப்பதே அந்த மரபின் அடிப்படை என்பதால், அல்சூர்ப் பக்கம் ஒரு தேவாலயக் கூடத்தின் மாடியில் கூடுகிறார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் ஓர் ஆங்கிலக் கூட்டத்துக்குத்தான் போனோம். பீன்யாவில் லேத் ஓட்டும் அண்ணன், தன் முறை வந்தபோது "ஐ ஆம் ஃபைன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். தமிழ்க் கூட்டத்தில் இரண்டாவது நாள், கோலார் தங்கவயலிலிருந்து இங்கே குடியேறிய ஒருவர், 90 மில்லி விஸ்கி பாக்கெட்டுகளை அரிசி டிரம்முக்குள் புதைத்துவைத்து, மனைவி உலைக்கு அரிசி அளக்கும் நேரமெல்லாம் சமையலறை வாசலை விட்டு நகராமல் நின்ற கதையைச் சொன்னார். அண்ணன் குனிந்த தலை நிமிராமல் சிரித்தார். எங்கள் வீட்டில் அது வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இருந்தது.

ஆனால் இந்தக் குழுவின் உண்மையான சேவை கூட்டத்துக்கு வெளியேதான் நடக்கிறது. அண்ணனுக்கு ஸ்பான்சராக, அதாவது வழித்துணையாக நிற்கும் மூத்த உறுப்பினராக, இருப்பவர் ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி. பதினான்கு ஆண்டுகளாகக் குடிக்காதவர். ஷிஃப்ட் முடியும் ஐந்தரை மணிக்கும் வீட்டுக்கு வந்து சேரும் ஏழு மணிக்கும் இடையில், வழியில் எத்தனை ஒயின் ஷாப் இருக்கிறது என்பது அவருக்கு அண்ணனைவிட நன்றாகத் தெரியும். ஐந்தே முக்காலுக்கு போன் வரும்: "என்னப்பா, பஸ் ஏறிட்டியா?" அவ்வளவுதான். அறிவுரை கிடையாது. சம்பள நாளன்று மட்டும் அவரே பஸ் நிறுத்தத்துக்கு வந்து நிற்பார். வீட்டார் நாங்கள் இதே கேள்வியைக் கேட்டபோது அது வேவு பார்ப்பதாக இருந்தது. தானும் அதே தெருவில் தள்ளாடியவர் கேட்கும்போது அப்படித் தோன்றவில்லை போலும்.

இவர்கள் மருத்துவர்கள் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் சில நாட்களுக்குள் வலிப்போ சித்தப்பிரமையோ வரக்கூடும். அது உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே அண்ணனை முதலில் இங்குள்ள மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் சேர்த்து, உடல் தேறிய பிறகே கூட்டத்துக்கு அழைத்துச் சென்றோம். மனச்சோர்வுக்காக அவர் இன்றும் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். ஒருமுறை, புதிதாக வந்த ஓர் உறுப்பினர் அதுவும் ஒருவகைப் போதைதான் என்று சொல்லிவைக்க, அண்ணன் நான்கு நாட்கள் மாத்திரையை நிறுத்திவிட்டார். விஷயம் தெரிந்ததும் ஸ்பான்சர் அவரைக் கண்டித்தார். எந்த உறுப்பினரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்று அந்த இயக்கத்தின் கையேடே சொல்கிறது. நள்ளிரவில் நிலைமை கைமீறினால் ஸ்பான்சரை எழுப்புவதைவிட, 24 மணி நேரமும் இலவசமாக இயங்கும் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண் 14416ஐ அழைப்பதே முறை, தமிழிலும் பேசலாம்.

கட்டணம் இல்லை. கூட்ட முடிவில் ஒரு துணிப்பை சுற்றி வரும்; விருப்பமிருந்தால் போடலாம், புதியவர்களிடம் எதிர்பார்ப்பதில்லை. வாடகையும் டீயும் அதிலிருந்துதான். இதற்கு முன் ஒரு தனியார் இல்லம் எங்களிடம் 40,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு, மூன்று வாரம் அண்ணனோடு பேசவே விடாமல் வைத்திருந்தது என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

எனக்குள்ள குறை, குடும்பத்தாரைப் பற்றியது. மாதத்தில் ஒருநாள் நடக்கும் திறந்த கூட்டத்தில் மட்டுமே நாங்கள் உள்ளே உட்காரலாம். குடிநோயாளிகளின் வீட்டாருக்கென 1951இல் தொடங்கப்பட்ட அல்-அனான் போன்ற ஓர் அமர்வு இங்கே தமிழில் இல்லை. அண்ணி மற்ற வாரங்களில் மாடிப்படியில் காத்திருப்பார். அவரைப் போல இன்னும் மூன்று பேர். தொடக்கத்தில் ஆளுக்கொரு படியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், இப்போது கூட்டம் முடிந்து கணவர்கள் இறங்கி வந்த பிறகும் பேச்சை விட்டு எழுவதில்லை. சென்ற வாரம் யாரோ நான்கு நாற்காலிகளை வெளியே எடுத்துப் போட்டிருந்தார்கள்.